டி.பி. ஜாயாவும் ஹாலிஎலத் தோட்டங்களும்: நாம் பாதியில் நிறுத்தும் வரலாறு

பெப்ரவரி 4 நெருங்கினால் எங்கள் பகுதிப் பாடசாலைகளில் ஒரு முஸ்லிம் ஆசிரியரைத் தேடுவார்கள். சுதந்திரத்துக்கு உழைத்த முஸ்லிம் தலைவர்கள் பற்றிப் பத்து நிமிடம் பேச ஆள் வேண்டும். ஹாலிஎலயிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்தவன் என்பதால் அந்தப் பத்து நிமிடம் அநேகமாக என் தலையில்தான் விழும். நானும் வருடா வருடம் ஒரே பேச்சைத்தான் பேசினேன். மர்ஹூம் டி.பி. ஜாயா அவர்கள் அரசாங்க சபையில் எழுந்து நின்று, முஸ்லிம்களுக்கென்று எந்த நிபந்தனையும் வைக்காமல் நாட்டின் விடுதலையை ஆதரித்தார்கள் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். சிங்கள அதிபர் ஒருவர் ஒருமுறை மேடையிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு வருடம் பேச்சு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்து படிப்பிக்கும் சக ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர். ஜாயா அமைச்சராக இருந்தது எந்த வருடங்களில் என்று மட்டும் கேட்டார். 1947 முதல் 1950 வாக்கில் வரை என்றேன். சரி சேர் என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் கேட்டது எனக்கு விளங்கிவிட்டது. 1948ஐத்தான் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டனின் பிரஜாவுரிமை போன வருடம் அது.

அன்று முதல் ஜாயாவின் வாழ்க்கையை நான் முழுதாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் அவர் மீதான என் மதிப்புக் குறையவில்லை. ஆனால் பழைய பேச்சை அப்படியே பேச இப்போது முடிவதில்லை.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஜனவரி 1ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் கலகெதரயில் பிறந்தவர். மலாய் இனத்தவர். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் படைவீரர்களாகவும் இங்கு கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்தான் நம் மலாய்ச் சகோதரர்கள். பதுளையிலும் அவர்கள் இருக்கிறார்கள். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படித்து முடித்ததும் ஜாயா ஆசிரியரானார். கண்டி தர்மராஜக் கல்லூரி, மொறட்டுவை பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கல்லூரி, பின்னர் கொழும்பு ஆனந்தாக் கல்லூரி. இதில் தர்மராஜவும் ஆனந்தாவும் பௌத்த மறுமலர்ச்சிக்கென்றே தோன்றிய பாடசாலைகள். 1915 மே மாதக் கடைசியில் கண்டிப் பக்கத்தில் கிளம்பிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவி முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட கதை நம் வீடுகளில் இன்றும் பேசப்படுவது. அந்தச் சூடு ஆறியிராத ஆண்டுகளில் ஒரு முஸ்லிம், ஆனந்தாவில் பௌத்தப் பிள்ளைகளுக்கு முன் நின்று பாடம் நடத்தினார். பெற்றோர் அவரை ஏற்றார்கள், பிள்ளைகள் மதித்தார்கள். பெரும்பான்மைச் சமூகத்தின் மீது அவருக்குப் பின்னாளில் இருந்த நம்பிக்கை மேடைக்காக வரவழைத்ததல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். அந்த மக்களின் பிள்ளைகளை அவர் தினமும் பார்த்திருக்கிறார். அவர்களின் தலைவர்களில் பலரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்திருக்கிறார்.

1921இல் மருதானை ஸாஹிராவுக்கு அதிபராக வந்தார். சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் ஒராபி பாஷாவின் தூண்டுதலோடு 1892இல் தொடங்கிய அந்த மத்ரஸா அப்போது மிகவும் நலிந்த நிலையில் கிடந்தது. ஐம்பது அறுபது மாணவர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். இருபத்தேழு வருடம் கழித்து ஏ.எம்.ஏ. அஸீஸிடம் அவர் ஒப்படைத்தபோது அது ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும், நாட்டின் முதல் வரிசைக் கல்லூரிகளில் ஒன்று. கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் என்று ஊர்களில் கிளைகளும் எழுந்தன. அதிபராக அவர் செய்ததை மட்டுமே எழுதினாலும் இந்தப் பக்கம் போதாது. அதைப் பலர் எழுதிவிட்டார்கள், நான் அரசியலுக்கு வருகிறேன்.

1924ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கும் முக்கியமானது. மலைநாட்டு ரயில் பதுளை வரை வந்தது அந்த வருடம்தான். ஹாலிஎல ஸ்டேஷன் பதுளைக்கு முந்திய கடைசி நிறுத்தம். தேயிலைப் பெட்டிகள் இறங்கிப் போகவும், துணிமூட்டை, அரிசிமூட்டைகளோடு வியாபாரிகள் ஏறி வரவும் அந்த ரயில்தான் வழி செய்தது. அதே வருடம் ஜாயா சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மூன்று ஆசனங்களில், எச்.எம். மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர் ஆகியோரோடு அவரும் ஒருவர்.

இனவாரி ஆசனத்தில் அரசியலுக்கு வந்தவர் அவர். 1931இல் டொனமூர் சீர்திருத்தம் அந்த ஆசனங்களை இல்லாமலாக்கிப் பிரதேசத் தொகுதிகளைக் கொண்டுவந்தபோது நம் சமூகம் எவ்வளவு அடிபட்டது என்பதும் அவருக்குத் தெரியும். 1931இல் தேர்தல் மூலம் உள்ளே போன முஸ்லிம் ஒரேயொருவர், மட்டக்களப்புத் தெற்கில் மாக்கான் மாக்கார். 1936இல் ஒருவருமில்லை. ஜாயாவும் ராஸிக் பரீதும் நியமன உறுப்பினர்களாகத்தான் சபையில் அமர்ந்தார்கள். போதிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்று முப்பதுகளில் அவர் விடாமல் வாதாடினார். நிபந்தனையே இல்லாத மனிதர் என்று நாம் இன்று காட்டுகிறோமே, அந்த மனிதர் இருபது வருடம் நிபந்தனை பேசியவர்தான். இதைச் சொன்னால் அவருக்குக் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பெருமையாகவே படுகிறது. நியாயம் கேட்பது நாட்டுக்கு விரோதமானது என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

நம் சமூகத்துக்குள்ளேயும் அவர் சிறுபான்மைதான். சோனகர் என்ற இனப்பெயரால் நிற்பதா, முஸ்லிம் என்ற மார்க்கப்பெயரால் நிற்பதா என்ற வழக்கு அந்நாட்களில் பெரிது. ராஸிக் பரீத் சோனகர் சங்கத்தின் பக்கம், ஜாயா முஸ்லிம் லீக்கின் பக்கம். தமிழ் பேசும் சோனகர் பெரும்பான்மையாக உள்ள ஒரு சமூகத்துக்கு, வீட்டில் மலாய் பேசும் ஒருவர் தலைவராக இருந்தார். எண்ணிக்கையில் குறைந்தவர் தம் இடத்தை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இனி 1944. அந்த நவம்பரில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுதந்திர இலங்கைக்கான மசோதாவை அரசாங்க சபையில் கொண்டுவந்தார். சிறுபான்மைப் பிரதிநிதிகள் என்ன செய்வார்கள் என்பதையே எல்லோரும் பார்த்திருந்தார்கள். முஸ்லிம்களுக்குக் கோரிக்கைகள் இருக்கின்றன, அவை நியாயமானவையும்தான், ஆனால் நாட்டின் விடுதலை என்று வரும்போது அவற்றை முன்னே வைத்து வழிமறிக்க மாட்டோம், பாதுகாப்புகளைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்ற நிலைப்பாட்டை ஜாயா எடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் 40க்கு 7 என்று மசோதா நிறைவேறியது. 1945 நவம்பரில் சோல்பரி யாப்புக்கான வெள்ளையறிக்கை வந்தபோது 51க்கு 3. அந்த 51இல் முஸ்லிம் உறுப்பினர்களும் உண்டு, தமிழ் உறுப்பினர்களும் உண்டு. சிறுபான்மையினரும் சம்மதித்துவிட்டார்கள் என்று பிரித்தானியாவிடம் காட்ட டி.எஸ். சேனாநாயக்கவுக்கு அந்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தது.

எதிர்த்த மூவரைப் பற்றி நான் என் பேச்சில் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவர் டபிள்யூ. தஹநாயக்க. மற்ற இருவரும் இந்திய வம்சாவளியினரின் பிரதிநிதிகள். மற்றவர்கள் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று நம்பியபோது, இந்த இருவர் மட்டும் நம்பவில்லை. தங்கள் மக்களுக்கு வாக்கும் பிரஜாவுரிமையும் என்னவாகும் என்பது எழுத்தில் இல்லாத ஒரு யாப்பு அவர்களுக்குப் பயமாக இருந்தது.

1946இல் ஐக்கிய தேசியக் கட்சி உருவானபோது முஸ்லிம் லீக் அதில் இணைந்தது. 1947 தேர்தலில் மத்திய கொழும்பின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராக ஜாயா வென்றார். தொழில், சமூக சேவைகள் அமைச்சராகவும் ஆனார். அதே தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. எங்கள் பதுளையிலிருந்து அந்தக் கட்சியின் எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். தோட்ட மக்கள் தங்கள் ஆளைத் தாங்களே தெரிந்தெடுத்து அனுப்பிய வருடம் அது. நாட்டின் மிகப்பெரிய தொழிலாளர் கூட்டமான அவர்கள் எல்லோரும் தொழில் அமைச்சர் ஜாயாவின் பொறுப்பில் வந்தார்கள்.

1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் 780,589 பேர், நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை ஒரே அடியில் வெளியே தள்ளியது. இங்கே பிறந்திருந்தால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த பாட்டனுக்கு எங்கே பிறப்புச் சான்றிதழ் இருந்தது? பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஐயாவிடமும் இருந்திருக்காது, ஆனால் அவரிடம் எவரும் கேட்கவில்லை. அடுத்து 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. 1952 தேர்தலில் இந்தியன் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்கிறது. சிறுபான்மையினர் நம்பிக் கையைத் தூக்கியதற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம். அது முதன்முதலாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது தோட்ட மக்களின் வழக்கில்தான். கோடாகன்பிள்ளை வழக்கு 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை போய்த் தோற்றது. பின்னர் பேசிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு என்ன பெறுமதி என்று அந்த மக்களின் முதுகில் வைத்தே அளந்து பார்க்கப்பட்டது.

அந்த அமைச்சரவையில் ஜாயா இருந்தார். சட்டங்கள் நிறைவேறிய பின்னும் இருந்தார். அதே அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்த சி. சுந்தரலிங்கம் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் மசோதா விடயத்தில் 1948 டிசம்பரில் பதவியை விட்டு வெளியேறினார். ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த வருடம் செப்டம்பரில் உள்ளே வந்தவர், வெளியேறவில்லை. ஆகவே தவறு ஒரு சமூகத்தின் தலைவருடையது மட்டுமல்ல. ஆனாலும் எங்கள் தலைவரின் பங்கை நாங்கள்தான் பேச வேண்டும். பொன்னம்பலத்தின் பங்கை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் பெரும்பான்மையினரின் மனதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஊவாவில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் விட முடியாது. 1818 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இந்த மாகாணத்தின் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 1840 தரிசு நிலச் சட்டத்துக்குப் பின் மேட்டுக்காணிகள் முடிக்குரியவையாகி, கோப்பிக்கும் தேயிலைக்கும் விற்கப்பட்டன. கிராமத்து மக்கள் பள்ளத்தில் நெருக்கப்பட்டு, மேலே பச்சைக் கம்பளம் விரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அநியாயம் நடந்தது உண்மை. அநியாயம் நடந்தது என்று நம்பும் மனிதன், இன்னொருவனுக்குக் கிடைப்பதையெல்லாம் தன்னிடமிருந்து பறித்ததாகவே கணக்கிடுவான். காணியைப் பறித்த துரை பங்களாவில் இருந்தான், கண்ணுக்கு எட்டவில்லை. லயத்துக்காரன் தெருவில் எதிர்ப்பட்டான். தோட்டத்து வாக்கு மலைநாட்டுச் சிங்களவரை மூழ்கடித்துவிடும் என்ற பயம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1915இல் கரையோரச் சோனகர் மீது விழுந்த பார்வையும் இதே பார்வை. அப்போது கடை, இப்போது வாக்கு.

ஜாயா இதை அறியாதவராக இருந்திருக்க முடியாது. அவருடைய முன்னோர் ஒல்லாந்தக் கப்பலில் வந்தார்கள், தோட்ட மக்களின் முன்னோர் ஆங்கிலேயர் காலத்தில் தோணியில் வந்து மன்னாரிலிருந்து காடு கடந்து நடந்து வந்தார்கள். வந்த காலத்தில் வித்தியாசமிருக்கிறது, வந்த விதத்தில் பெரிதாக எதுவுமில்லை. ஒருவருடைய பேரன் அமைச்சரானார். மற்றவருடைய பேரன் நாடற்றவரானார். மலாயர் எண்ணிக்கையில் மிகக் குறைவானவர்கள், அவர்கள் எவருடைய தொகுதியையும் கவிழ்க்கப் போவதில்லை. நாட்டுக்குச் சொந்தமானவர் யார் என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது பக்கத்தில் வாக்காளர் எண்ணிக்கையும் வைக்கப்பட்டிருந்தது என்றே நான் முடிவு செய்திருக்கிறேன்.

இது எனக்கு வெறும் ஏட்டு வரலாறு அல்ல. என் வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து முப்பதுகளில் வந்து, துணிமூட்டையைத் தலையில் வைத்துத் தெமோதரைத் தோட்டங்களில் கடனுக்கு விற்றவர். சம்பள நாளில் போய்ப் பணம் சேர்ப்பார். பிறகு ஹாலிஎலக் கடைத்தெருவில் சிறு கடை போட்டார், பதுளைப் பெண்ணை நிக்காஹ் செய்தார். வாப்பா பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தார். உம்மா வழியில் எத்தனை தலைமுறை இங்கிருந்தாலும் சட்டம் தகப்பன் வழியைத்தான் பார்த்தது. ஆகவே வாப்பாவும் பிரஜை இல்லை. 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின் கீழ் அப்பா விண்ணப்பித்தார். கலியாணமானவர் 1946 ஜனவரிக்கு முந்திய ஏழு வருடம் தொடர்ச்சியாக இங்கிருந்ததை நிரூபிக்க வேண்டும், கலியாணமாகாதவர் பத்து வருடம். யுத்தகாலக் கூப்பன் புத்தகம், கடை வாடகைத் துண்டுகள், தோட்டத்துக்குள் போக துரை கொடுத்த பாஸ் என்று கிடைத்ததையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்தார். விசாரணைக்கு மூன்று தடவை போனார். ஒரு தடவை, ஊருக்குப் போய்த் திரும்பிய திகதியில் முரண்பாடு என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

1951 ஆகஸ்டில் காலக்கெடு முடிந்தபோது அந்தச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் வந்திருந்தன. கடைசியில் கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. எங்கள் குடும்பம் அதில் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். அப்பாவிடம் கடனுக்குச் சேலை எடுத்த குடும்பங்களில் பலவற்றுக்கு வரவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் கணக்குப் போட்டன. அப்பாவின் கடன் கொப்பியில் கடைசிவரை தீராத பெயர்கள் பல அப்படி ரயிலேறியவர்களுடையவை. அதை அவர் வெட்டாமலே வைத்திருந்தார். மிச்சமிருந்தவர்களுக்கு 1988லும் 2003லும் வந்த சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜாயா 1950இல் பாகிஸ்தானுக்கான இலங்கையின் முதல் உயர்ஸ்தானிகராகக் கராச்சி போனார். பின்னர் நாடு திரும்பி, 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் 1958 கலவரத்தையும் தம் கண்ணால் பார்த்தார். 1960இல் ஹஜ்ஜுக்குச் சென்றவர், ஹஜ்ஜுடைய நாட்கள் தொடங்குமுன்பே மே 31ஆம் திகதி மதீனாவில் வபாத்தானார். ஜன்னதுல் பகீயில் அடக்கப்பட்டார். எழுபது வயது. அந்த முடிவைக் கேட்டு ஆசைப்படாத முஸ்லிம் இருக்க முடியாது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் கடைத்தெருவும் வெறிச்சோடிக் கிடந்தது. அப்போது முகநூலில் ஜாயாவின் படம் ஓடியது போல் அதற்கு முன்னோ பின்னோ ஓடியதில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு விசுவாசமானவர்கள், பாருங்கள் 1944ஐ என்று பகிர்ந்தார்கள். நானும் பகிர்ந்தேன். ஒரு மனிதரின் வாழ்க்கையை நற்சான்றிதழாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம் என்பது எனக்கு அந்த நாட்களில்தான் உறைத்தது. அப்பாவின் தகரப் பெட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிறந்த மண்ணில் நிற்க ஆவணம் காட்டு என்று ஒருவனிடம் கேட்கலாம் என்று 1948இல் ஒப்புக்கொண்டால், பிறகு அதே கேள்வி நம்மிடம் வரும்போது எந்த வாயால் மறுப்பது?

அந்த நாட்களில் என் வீட்டுக்கு முதலில் வந்தவர் அந்தத் தோட்டத்து ஆசிரியர்தான். ஒரு பையில் கொஞ்சம் மரக்கறி கொண்டுவந்தார், கடைகள் பூட்டியிருக்கின்றனவே என்று. 1948 பற்றி நாங்கள் அன்று எதுவும் பேசவில்லை.

இந்த வருடமும் பெப்ரவரிப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். ஆனந்தாவில் படிப்பித்த இளம் ஜாயா, ஸாஹிராவைத் தூக்கி நிறுத்திய அதிபர் ஜாயா, 1944இன் ஜாயா, 1948 அமைச்சரவையில் அமர்ந்திருந்த ஜாயா என்று நால்வரையும் சொன்னேன். பத்து நிமிடம் பதினெட்டு நிமிடமாகிவிட்டது. கைதட்டல் முந்திய வருடங்களைவிடக் குறைவு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள ஒருவர், இதையெல்லாம் இந்த நேரத்தில் பேச வேண்டுமா ஹாஜி என்று பிறகு கேட்டார். பின்வரிசையில் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி, கோடாகன்பிள்ளை என்ற பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு வந்தாள். கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.